பள்ளிப் பியானோவின் சத்தம் வீட்டு டிஜிட்டலில் ஏன் வரவில்லை?

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய பத்து வயதுப் பெண் பள்ளியில் இரண்டு வருடமாகப் பியானோ கற்றுக்கொள்கிறாள், அங்கே இருப்பது ஒரு அப்ரைட், அதாவது கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கும் பியானோ. வீட்டில் பழகுவதற்கு 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே பெண், "ஸ்கூல்ல சத்தம் என்னைச் சுத்தி வருது, இங்க பெட்டிக்குள்ள இருந்து வருது" என்று சொல்லிவிட்டு அதன் முன் உட்காரவே மறுக்கிறாளாம். அப்பா, எல்லாம் பிரமை, இரண்டும் ஒரே சத்தம்தான் என்கிறார். கடையில் அசல் கிராண்ட் பியானோ (கம்பிகள் படுக்கையாக இருக்கும் பெரிய பியானோ) சவுண்ட் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏமாந்துவிட்டோமா, பொருளில் பழுதா, இதை விற்றுவிட்டு குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் விலைக்கு வந்திருக்கும் மெழுகுவத்தித் தாங்கி வைத்த லண்டன் அப்ரைட்டை ஒன்றரை லட்சத்துக்கு வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

வணக்கம் சகோதரி,

முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், பாப்பா சொல்வது பிரமை இல்லை. பொருளிலும் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, கிராண்ட் பியானோ சவுண்ட் என்று அவர் சொன்னது உண்மைதான், சிக்கலே அந்த உண்மையில்தான் இருக்கிறது.

உங்கள் டிஜிட்டலுக்குள் கம்பி கிடையாது, பதிவுதான் இருக்கிறது. பெரிய கச்சேரி கிராண்ட் ஒன்றை, சுமார் 9 அடி நீளம் உள்ளதை, ஸ்டுடியோவில் நிறுத்தி, ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல அழுத்தங்களில் அடித்து, பக்கத்தில் மைக் வைத்துப் பிடித்து சிப்பில் ஏற்றிவிடுகிறார்கள். யமஹா தன்னுடைய சிஎஃப்எக்ஸ் என்ற 275 செ.மீ. கிராண்டைப் பதிந்து பல மாடல்களில் போட்டிருக்கிறது, கவாய் தன் கச்சேரி கிராண்டைப் போடுகிறது. நீங்கள் கட்டையை அழுத்தும்போது அடியில் இருக்கும் சென்சார்கள் அது எவ்வளவு வேகமாக இறங்கியது என்று அளந்து, அந்த வேகத்துக்குப் பொருத்தமான பதிவை ஒலிக்கவிடும். அவ்வளவுதான் வேலை.

இப்போது பாப்பா எதை எதோடு ஒப்பிடுகிறாள் என்று பாருங்கள். எங்கோ ஒரு ஸ்டுடியோவில் இருந்த 9 அடி கிராண்டை, உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் இரண்டின் வழியாகக் கேட்டு, அதை வகுப்பறையில் தன் முழங்காலை ஒட்டி நிற்கும் 4 அடி உயர அப்ரைட்டோடு ஒப்பிடுகிறாள். டிஜிட்டல் எதிர் அசல் என்ற சண்டைக்குப் போவதற்கு முன்பே, அவை இரண்டும் வேறு வேறு பியானோக்கள். அப்ரைட்டில் கீழ்ஸ்தாயிக் கம்பிகளுக்கு நீளம் போதாது, அதனால் செம்புக் கம்பியை மேலே சுற்றிக் கனமாக்குவார்கள். நீளம் குறைந்து கனம் கூடினால் கம்பி விறைப்பாகிவிடும், அதன் மேல்சுரங்கள் (ஒரு சுரத்தோடு கூடவே மெல்ல ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறி நிற்கும், அந்தக் குழப்பத்தில் ஒரு கரகரப்பு, ஒரு உறுமல் வரும். கிராண்டில் அது குறைவு. இரண்டு வருடமாக அந்த உறுமலைத்தான் 'பியானோ' என்று பாப்பாவின் காது பழகியிருக்கிறது. அது இல்லாததால் வீட்டில் இருப்பது பியானோவாகவே தோன்றவில்லை.

சரி, பள்ளியில் ஒரு கிராண்டே இருந்திருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்கும். அதற்குக் காரணம் வேறு.

பள்ளிப் பியானோவின் நடுக் கட்டை ஒன்றை அடித்தால் உள்ளே இருக்கும் ஹேமர் என்ற சின்னச் சுத்தியல் ஒரு கம்பியை அடிப்பதில்லை, ஒரே சுருதியில் சேர்த்த மூன்று கம்பிகளை ஒன்றாக அடிக்கிறது. கீழ்க்கோடியில் ஒன்று, அப்புறம் இரண்டு, நடுவிலிருந்து மேலே மூன்று மூன்றாக, மொத்தம் 220 கம்பிகளுக்கு மேல் வரும், எல்லாம் சேர்ந்து இரும்புச் சட்டத்தை இழுக்கும் இழுப்பு 15 டன்னைத் தாண்டும். இந்த மூன்று கம்பிகளும், அதிர்வைப் பின்பக்கப் பலகைக்குக் கடத்தும் ஒரே பிரிட்ஜ் மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஒன்றின் அசைவு மற்றதற்குப் போய்க்கொண்டே இருக்கும். மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம் ஆடும்போது ஆற்றல் சட்டென்று பலகைக்குப் போய்ப் பெரிய சத்தமாகச் செலவாகிவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றுக்கொன்று எதிராக ஆடத் தொடங்கியதும் பலகைக்குப் போவது குறைந்து, மெல்லிய சத்தம் ஒன்று வெகுநேரம் தங்குகிறது. கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் 1977-ல் இதைக் கணக்குப் போட்டு விளக்கினார். பள்ளிப் பியானோவின் நடுவில் இருக்கும் ஒரு கட்டையை அடித்துப் பிடித்துக்கொண்டு சத்தம் முழுதாக அடங்கும் வரை பாப்பாவைக் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், முதலில் பளிச்சென்று, அப்புறம் மங்கி, அப்புறம் லேசாக அலை அலையாக, ஒரே சுரம் மூன்று நான்கு முகம் காட்டிவிட்டுப் போகும். விலை குறைந்த டிஜிட்டலில் முதல் சில விநாடிகள்தான் உண்மையான பதிவு, மீதிக்கு ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டு போவார்கள். நிறம் மாறாது, அளவு மட்டும் குறையும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை பாப்பாவே சோதித்துப் பார்க்கலாம். பள்ளிப் பியானோவில் மிடில் சி-க்கு (கட்டை வரிசையின் நடுவில் இருக்கும் சி) ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் சி கட்டையை, சத்தமே வராதபடி மெல்ல மெல்ல அழுத்தி அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். ஹேமர் அடிக்காது, ஆனால் அந்தக் கம்பியின் மேல் அமர்ந்து சத்தத்தை அடக்கிவைத்திருந்த டேம்பர் தூக்கிவிடும், கம்பி சும்மா திறந்து கிடக்கும். இப்போது வலது கையால் மிடில் சி-யை ஓங்கி வெட்டென்று அடித்துவிட்டு உடனே கையை எடுக்க வேண்டும். அடித்த கம்பி நின்றுவிடும், ஆனால் மிடில் சி சத்தம் நிற்காது, அடிக்காத அந்தக் கீழ்க்கம்பியிலிருந்து பாடிக்கொண்டிருக்கும். பிடித்த பிடியை விடாமல் மிடில் சி-க்கு மேலே இருக்கும் ஜி-யை அதே மாதிரி வெட்டி அடித்தால், அதே கீழ்க்கம்பி இப்போது ஜி-யைப் பாடும். பக்கத்துக் கருப்புக் கட்டையான எஃப் ஷார்ப்பை அடித்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. வீணை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது, பள்ளிப் பாடத்தில் ஒத்ததிர்வு என்று படித்ததும் இதுதான்.

இது ஒரு கட்டைக்கு. வலது பெடலை மிதித்தால் எல்லா டேம்பர்களும் ஒரே சமயத்தில் தூக்கிவிடும், 220 கம்பிகளும் திறந்துவிடும், பாப்பா ஒரு சுரம் தொட்டால் அதற்கு உறவுள்ள கம்பிகள் எல்லாம் கூடவே முணுமுணுக்கும். மேல்கோடியில் இருக்கும் பதினெட்டு இருபது கட்டைகளின் கம்பிகளுக்கு டேம்பரே கிடையாது, அவை பெடல் இல்லாமலும் எப்போதும் திறந்தே கிடக்கின்றன. அதனால் அசல் பியானோவில் ஒரு சுரம் தனியாக ஒலிப்பது என்பதே இல்லை. டிஜிட்டலில் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகப் பதிந்துதான் வைத்திருக்கிறார்கள்; மூன்று கட்டை அழுத்தினால் மூன்று பதிவுகள் ஒரே நேரத்தில் ஓடும், ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாது. நடுத்தர விலைக்கு மேலே போனால் இந்த ஒத்ததிர்வைக் கணக்குப் போட்டுச் சேர்க்கிறார்கள், நன்றாகவே சேர்க்கிறார்கள், பதிவே இல்லாமல் முழுவதும் கணக்கிலேயே சத்தத்தை உண்டாக்கும் பியானோவை ரோலண்ட் 2009-லேயே கொண்டுவந்துவிட்டது. விலை குறைந்த மாடலில் அதை எதிர்பார்க்க முடியாது. மேலே சொன்ன சோதனையை வீட்டிலும் செய்து பாருங்கள், கையை எடுத்ததும் சத்தம் சட்டென்று அறுந்தால் உங்கள் மாடலில் அது இல்லை, அல்லது செட்டிங்கில் அணைந்திருக்கிறது.

இன்னொன்று, ஹேமரின் ஃபெல்ட். மெதுவாக அடித்தால் ஃபெல்ட் மெத்தென்று இருக்கும், ஓங்கி அடித்தால் அது நசுங்கி இறுகிக் கம்பியைக் கடினமாகத் தாக்கும், அதனால் பலமாக வாசிக்கும்போது சத்தம் கூடுவதோடு குணமும் மாறிக் கூர்மையாகும். டிஜிட்டலில் கட்டையின் வேகத்தை 127 படிகளாகப் பிரிப்பது 1983-ல் மிடி (மின்னணு வாத்தியங்களுக்கான பொதுமொழி) வந்த காலத்திலிருந்து இருக்கும் வழக்கம், ஆனால் அந்த 127-க்கும் தனித்தனிப் பதிவு இருக்காது, மூன்றோ நான்கோ இருக்கும், இடைவெளியை அளவு கூட்டிக் குறைத்து ஒப்பேற்றுவார்கள். பத்து வயதுக் குழந்தைக்கு இதை வாயால் சொல்லத் தெரியாது, கை கண்டுபிடித்துவிடும்.

"என்னைச் சுத்தி வருது" என்று அவள் சொன்னாளே, அதற்கு நேரான பதில் சவுண்ட் போர்டு. அப்ரைட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத ஸ்ப்ரூஸ் மரப் பலகை, ஒரு சென்டிமீட்டர்கூடக் கனம் இருக்காது, அது முழுவதும் அதிர்ந்து முன்னும் பின்னும் காற்றைத் தள்ளுகிறது, சுவரில் பட்டுத் திரும்புகிறது, மரத்தரையில் இறங்குகிறது, கட்டை வழியாக விரலுக்கும் வருகிறது. உங்கள் டிஜிட்டலில் அந்த வேலையைச் செய்வது இரண்டு ஆறு வாட் ஸ்பீக்கர்கள், அதுவும் பல மாடல்களில் அடிப்பக்கம் பார்த்தபடி இருக்கும். பியானோவின் கடைசிக் கீழ்ச் சுரம் விநாடிக்கு 27.5 அதிர்வு, அந்த ஸ்பீக்கர் அதன் பக்கத்தில்கூடப் போகாது. உள்ளே இருக்கும் பதிவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வாசல் சின்னது.

இது ஒரு விதத்தில் நல்ல செய்தி, ஏனென்றால் ஸ்பீக்கரை மாற்றலாம்.

முதலில் செலவில்லாத சோதனை. காதை முழுதாக மூடும் நல்ல ஹெட்போன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டி, பாப்பாவை வாசிக்கச் சொல்லுங்கள். போனுக்குப் போடும் சின்ன இயர்போன் வேண்டாம். முகம் மலர்ந்தால் பதிவில் குறை இல்லை, ஸ்பீக்கரில்தான் குறை, நல்ல பவர்டு மானிட்டர் ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பது) ஒரு ஜோடியை ஒயரில் இணைத்துப் பியானோவின் இரண்டு பக்கமும் அவள் காது உயரத்தில் வைத்தால் விஷயம் பெரும்பாலும் தீர்ந்தது. புளூடூத் ஸ்பீக்கரில் இணைக்காதீர்கள், கட்டை அழுத்தி ஒரு கணம் கழித்துச் சத்தம் வரும், தாளமே கெட்டுப்போகும். ஹெட்போனிலும் பிடிக்கவில்லை என்றால் டோன் பட்டனில் வேறு பியானோ இருக்கிறதா பாருங்கள், ரிவெர்ப் (எதிரொலி) கூடுதலாக இருந்தால் குறையுங்கள்; கடைக்காரர்கள் டெமோவுக்கு அதை ஏற்றிவைத்துவிட்டு அப்படியே பேக் செய்து கொடுத்துவிடுவது உண்டு.

வால்யூம் விஷயத்தில் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்று நிறைய வீடுகளில் கால்வாசிக்கு மேல் ஏற்றுவதே இல்லை. அசல் அப்ரைட் நல்ல சத்தம் போடும் வாத்தியம். டிஜிட்டலை அமுக்கி வைத்தால் குழந்தை சத்தம் வேண்டி ஓங்கி ஓங்கிக் குத்தப் பழகுகிறது, அப்புறம் பள்ளி அப்ரைட்டில் அதே கையோடு வந்து உட்கார்ந்து ஆசிரியரிடம் திட்டு வாங்குகிறது. பாப்பா பள்ளியில் சாதாரணமாக வாசிக்கும்போது ஒரு நாள் நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள், வீட்டில் அதே அழுத்தத்துக்கு அதே அளவு சத்தம் வரும் இடத்தில் வால்யூமை வைத்து, அந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ராத்திரிக்கு ஹெட்போன் இருக்கவே இருக்கிறது.

இனி அந்த லண்டன் அப்ரைட். எனக்குப் பிழைப்பே கம்பி உள்ள பியானோவில்தான், ஆனாலும் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

நம் மலையில் பியானோவுக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவது எதிரி அந்த ஈரம் திடீரென்று போய்விடுவது. ஊட்டிப் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை, உங்கள் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு, மாதக்கணக்கில் ஜன்னல் வழியாக மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். சவுண்ட் போர்டு அந்த ஈரத்தைக் குடித்து உப்பிக் கம்பிகளை மேலே தள்ளும், நடுஸ்தாயி சுருதி ஏறிவிடும். ஜனவரி பிப்ரவரியில் காய்ந்த குளிர், பலகை சுருங்கும், சுருதி இறங்கும். அறைக்குள் ஃபயர் பிளேஸ் பக்கத்தில் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம், பலகை விரிசல் விடும், கம்பிகளை முறுக்கி இறுக்கும் ட்யூனிங் பின்களைப் பிடித்திருக்கும் மரம் தளர்ந்துபோகும். பின் தளர்ந்த பியானோவை நான் காலையில் சுருதி சேர்த்துவிட்டுப் போனால் சாயந்திரம் பழைய நிலைக்கே வந்துவிடும். இது போதாதென்று ஃபெல்ட்டைத் தின்னும் பூச்சி, அடிப்பெட்டியில் குடும்பம் நடத்தும் எலி. ஈரத்துக்காகப் பழைய பங்களாக்களில் பியானோவின் அடிப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவார்கள், அந்தச் சூடு போதும், வேலை செய்தது. இப்போது குண்டு பல்பு கிடைப்பது குறைந்து எல்இடி மாட்டிவிட்டு, வெளிச்சம் வருகிறதே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். எல்இடி சூடாகாது, உள்ளே துரு பிடிப்பது நன்றாக வெளிச்சத்தில் நடக்கிறது.

பாப்பா பள்ளிப் பியானோவில் கேட்டு மயங்கும் அந்த 'உயிரில்' ஒரு பங்கு, மூன்று கம்பிகளும் லேசாகச் சுருதி விலகியிருப்பதாகவும் இருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். துளி விலகினால் சத்தம் அகலமாக, இதமாகக் கேட்கும். இன்னும் கொஞ்சம் விலகினால் அபஸ்வரம். டிஜிட்டல் எந்த மழையிலும் மிடில் சி-க்கு மேலே வரும் ஏ சுரத்தை விநாடிக்கு 440 அதிர்விலேயே வைத்திருக்கும், காதுக்குச் சரியான சுருதியைப் பழக்க வேண்டிய வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

மெழுகுவத்தித் தாங்கி வைத்த அப்ரைட் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது நூறு வயது தாண்டியதாக இருக்கும். அந்தக் காலத்து இங்கிலாந்து அப்ரைட்டுகள் பலவற்றில் டேம்பர்கள் ஹேமருக்கு மேலே, முன்பக்கம் கூண்டு போலக் கம்பிகளோடு இருக்கும். சத்தத்தைச் சரியாக நிறுத்தாது, ரிப்பேர் செய்யவும் சிரமம். மேல் மூடியைத் திறந்து ஹேமருக்கு முன்னால் வரிசையாக மெல்லிய ஒயர்கள் குறுக்கே நின்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். போட்டோவுக்கு அழகு, குழந்தை பழகுவதற்கு ஆகாது. இந்தியாவுக்கென்று பித்தளை ஸ்க்ரூ போட்டு அனுப்பியது என்று ஓனர் சொல்வார், அப்படி வந்ததும் உண்டு, ஆனால் ஸ்க்ரூ நன்றாக இருப்பதும் ட்யூனிங் பின் இறுகப் பிடித்திருப்பதும் வேறு வேறு.

கூண்டு இல்லை, இரும்புச் சட்டம் முழுதாக இருக்கிறது என்றால் மேலே பார்க்கலாம். ஹேமர் ஃபெல்ட்டில் கம்பி பதிந்த பள்ளம் எவ்வளவு ஆழம், கம்பியில் துரு இருக்கிறதா, பின்பக்கப் பலகையில் டார்ச் அடித்தால் விரிசல் தெரிகிறதா, எத்தனை கட்டை அழுத்தினால் மேலே வராமல் ஒட்டிக்கொள்கிறது, இதெல்லாம் நீங்களே பார்க்கக்கூடியவை. பின் பிடிப்பை மட்டும் சுருதி சேர்ப்பவர்தான் கருவி போட்டுப் பார்க்க வேண்டும். ஏற்றி இறக்குவதையும் கணக்கில் வையுங்கள், 200 கிலோ சாமான், குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கு வளைவுகளில் பிக்கப்பில் வர வேண்டும், வந்த பிறகு இரண்டு மூன்று வாரம் புது அறையின் காற்றுக்குப் பழகவிட்டுத்தான் சுருதி சேர்க்க முடியும், அப்புறம் வருடத்துக்கு இரண்டு தடவையாவது.

என் அபிப்பிராயம், இந்த வருடம் ஸ்பீக்கருக்கு மட்டும் செலவு செய்யுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி அப்ரைட்டில் கூடுதலாக அரை மணி நேரம் கிடைக்குமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள், பெடல் போட்டு வாசிக்கும் பாடங்களை அங்கேயும், விரல் பழக்கத்தையும் தாளத்தையும் வீட்டிலும் வைத்துக்கொள்ளட்டும். இன்னும் இரண்டு வருடம் கழித்தும் ஆர்வம் இப்படியே இருந்தால், பெங்களூரிலும் சென்னையிலும் கிடைக்கும் பழைய ஜப்பான் அப்ரைட்டுகளில் ஒன்றைப் பார்க்கலாம், நூறு வருட லண்டன் பெட்டியைவிட அது எவ்வளவோ தேவலை. டிஜிட்டலை அதற்காக விற்க வேண்டாம். இடி மின்னல் என்றால் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், மேகம் இறங்கும் ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள், வாசிக்காத நேரத்தில் துணி போட்டு மூடுங்கள். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் காண்டாக்டில் ஈரமும் தூசியும் சேர்ந்தால் ஒரு கட்டை மட்டும் திடீரென்று கத்தத் தொடங்கும்.

அதற்குள் பங்களா ஓனர் அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்தினால் ஒரு காரியம் செய்யுங்கள். போனில் ட்யூனர் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, மிடில் சி-க்கு மேலே வரும் ஏ கட்டையை அடித்து எண் எத்தனை என்று பாருங்கள். 435-லிருந்து 440-க்குள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஒரு நாள் வந்து பின்களைப் பார்க்கிறேன். 430-க்குக் கீழே என்றால் பணம் கொடுக்காதீர்கள். 415 பக்கம் காட்டினால் அது அரைச் சுரம் இறங்கி நிற்கிறது, அதை மேலே ஏற்றப்போனால் பழைய கம்பிகள் ஒவ்வொன்றாக அறும், டிஜிட்டலோடு சேர்த்து வாசிக்கவும் முடியாது, அப்போது ஓனரிடம் நன்றி சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.